கடல் வெளுத்த வருஷம்

ஹல்பெரா ஏழு வயதில் பங்கு போடப்பட்டவள். நிலத்தைப் பங்கு போடுவார்கள், பிடித்த மீனைப் பங்கு போடுவார்கள். அந்த வருஷம் ஊர் கூடி அவளையும் அவளுடைய இரண்டு அண்ணன்களையும் பங்கு போட்டது. ஐஸ்லாந்தின் வடகரையில், துருவக் கடலிலிருந்து மிதந்து வந்த பனிக்கட்டி குடாவை அடைத்துக்கொண்டு ஜூன் வரை நகராத வருஷம் அது. அவளுடைய அப்பா, இன்னும் ஒரு வாரத்தில் பனி உருகிவிடும், இன்னும் ஒரு வாரத்தில் என்று ஓர் ஆட்டைக்கூட அடிக்காமல் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தார். கொட்டிலில் சேர்த்து வைத்த புல் தீர்ந்தது. ஆடுகள் நின்ற இடத்திலேயே சாய்ந்தன. தோலை வேகவைத்துத் தின்றார்கள். கைக்குழந்தை ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் வந்து, பிள்ளைகளை ஆளுக்கொரு பண்ணையில் விடுவது என்று முடிவு செய்தார்கள். ஹல்பெராவின் கையைப் பிடித்து உறைந்த கடல்மேல் நடத்திக் கூட்டிப் போனவர் ஐவிந்துர் என்ற ஆள். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். வழியெல்லாம் அவர் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே போனார். அவள் காதில் விழுந்தது காலடியில் பனிக்கட்டி முனகிய சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தம் அவளை விட்டுப் போகவே இல்லை. நான்கு பண்ணைகள் மாறி வேலைக்காரியாக வளர்ந்து, தோர்கிரிம் என்ற மீன்பிடிக்காரனைக் கட்டிக்கொண்டு, குடாவின் கிழக்குக் கரையில் ஸ்கார்த் என்ற சின்னப் பண்ணையை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகும், பிப்ரவரி பிறந்தால் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வராது. வாசலில் நின்று வடக்கே பார்ப்பாள். கடல் கறுப்பாக இருந்தால் உள்ளே வந்து பின்னலைக் கையில் எடுப்பாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதான வருஷம் கடல் வெளுத்துவிட்டது.

தோர்கிரிம் அப்போது ஊரில் இல்லை. வடகரை ஆண்கள் பலரும் ஜனவரி கடைசியில் மலை தாண்டி நடந்துபோய்த் தென்கரையில் மீன்பிடிக்கச் சேர்வார்கள், மே மாதம்தான் திரும்புவார்கள். கிளம்பும்போது அவன் கொட்டிலை ஒரு தடவை சுற்றி வந்தான்.

"நாப்பத்திரண்டு ஆடு. எட்டு வருஷமா ஒண்ணு ஒண்ணா சேர்த்தது. நான் வர்ற வரைக்கும் ஒண்ணுகூட குறையக் கூடாது, என்ன?" என்றான்.

"பனிக்கட்டி வந்துட்டா?"

"அதெல்லாம் வராது. நீ ஒருத்தி, வெயில் அடிச்சாலும் பனிக்கட்டிதான் உனக்கு" என்று சிரித்துவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

அவன் போன மூன்றாவது வாரம் ஒரு காலையில் ஹல்பெரா கண் விழித்தபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அலைச் சத்தம் இல்லை. பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். குடா முழுக்க வெள்ளை. வீட்டு உயரத்துக்குப் பனிப்பாளங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கரை வரைக்கும் வந்து நின்றிருந்தன. அவற்றிலிருந்து வந்த குளிரில் பல் கூசியது.

பின்னால் வந்து நின்ற குரோவா, "வந்துட்டாருடி விருந்தாளி. படுக்கை போடு" என்றாள். குரோவா பண்ணையில் வேலை செய்கிறவள், ஐம்பது தாண்டியவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. ஹல்பெரா அப்படியே வாசற்பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் மூன்றே பேர். ஹல்பெரா, குரோவா, ஒன்பது வயது மகள் சோல்ரூன். பிறகு ஒரு பசு, ஒரு கிழட்டு நாய். மண்ணோடு பெயர்த்த புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. வாசலிலிருந்து குகைபோல ஒரு நடை, அதன் முடிவில் எல்லோரும் படுத்து, உண்டு, கம்பளி நூற்கும் கூடம். கூரைச் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மார்ச் முழுக்க அந்தக் கண்ணாடியைத் தினமும் இரண்டு தடவை பனியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. மீன்நெய் விளக்கின் புகையில் மூக்கு கறுத்தது. காலையில் மலைப்பாறையில் சேகரித்த பாசியில் காய்ச்சிய கஞ்சி, மதியம் காய்ந்த மீன், மாலையில் பாசிக் கஞ்சி. கப்பல் வரவில்லை என்பதால் மாவு இல்லை, சர்க்கரை இல்லை. காப்பிக்கொட்டை ஒரு பிடி மட்டும் துணியில் முடிந்து பெட்டிக்குள் கிடந்தது.

ஏப்ரல் வந்தது. அதே காற்று, அதே வெள்ளை. சலிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் போனால் மனிதர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். குரோவாகூடப் பாதி நாள் பேசாமல் இருந்தாள். சோல்ரூன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, போன வருஷம் இந்நேரம் ஓடையில தண்ணி ஓடிச்சில்ல?"

"ஓடிச்சு."

"கோடையக் கூட்டிட்டு வர்ற லோவாக் குருவி வந்திருந்துச்சில்ல?"

"வந்திருந்துச்சு. சும்மா இரு."

"இந்த வருஷம் வழி தெரியாம போயிருக்குமோ?"

"சும்மா இருன்னு சொன்னேன்ல!" ஹல்பெரா போட்ட சத்தத்தில் நாய் எழுந்து நடைக்குள் போய்விட்டது.

மார்ச் நடுவில் ஐவிந்துர் ஒரு தடவை வந்து போயிருந்தார். எதிர்க்கரையில் அவருடைய பண்ணை. இப்போது அறுபதை நெருங்கிவிட்டார், இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். ஊர்ச் சார்பில் ஒவ்வொரு பண்ணையிலும் புல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அன்று கடல்மேல் அவர் தலை தெரிந்ததுமே ஹல்பெரா சோல்ரூனை உள்ளே அனுப்பிவிட்டாள். நல்ல மனிதர்தான், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போவதுபோலத் தோன்றும்.

அவர் கொட்டிலுக்குள் போய், புல்போருக்குள் கையை விட்டார். கை தோள்வரை தடையில்லாமல் உள்ளே போயிற்று.

"ஏம்மா, உன் போர்ல புல்ல விடக் காத்துதான் அதிகம் இருக்கு" என்றார்.

"போதும். நான் பாத்துக்குவேன்."

"நாப்பத்திரண்டுக்குப் போதாது. இருபத்தஞ்சுக்குப் போதும். பதினஞ்சு, பதினாறை இப்பவே அடிச்சுடு. உடம்புல கறி இருக்கும்போதே அடிச்சா உப்புப் போட்டு வைக்கலாம். எலும்பா ஆனப்புறம் அடிச்சு என்ன புண்ணியம்?"

"அவரு ஒண்ணுகூட குறையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவன் தெற்க மீன் நாத்தத்துல நிம்மதியாத் தூங்குறான். இங்க பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருக்கறது நீ." அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். குரல் தணிந்தது. "உங்கப்பாவும் இப்படித்தான் சொன்னாரு, ஹல்பெரா. கோடைப் பிறப்பன்னைக்கு மறுபடி வரேன். அதுக்குள்ள செஞ்சு வை. இல்லைன்னா நான் ஊர்ல சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல வைக்காத."

கோடைப் பிறப்பு என்பது ஏப்ரல் கடைசியில் வரும் ஒரு வியாழக்கிழமை. பனி இடுப்பளவு கிடந்தாலும் அன்றோடு குளிர்காலம் முடிந்தது என்று சொல்லி, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பார்கள்.

அந்த ஐந்து வாரத்தில் ஹல்பெரா கத்தியை எத்தனையோ தடவை தீட்டினாள். ஒவ்வொரு தடவையும் கொட்டில் வரைக்கும் போவாள். எதை முதலில் அடிப்பது? சினையாக இருப்பதையா, கிழட்டையா? அடித்த மறுநாளே தெற்குக் காற்று வீசிப் பனி உருகிவிட்டால் தோர்கிரிம் முகத்தில் எப்படி விழிப்பது? கத்தியைக் கொட்டிலின் கூரைச் செருகலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பசுவின் பங்கிலிருந்து ஒரு கை புல்லைத் திருடி ஆடுகளுக்குப் போட்டாள். மீன் எலும்பை வேகவைத்து இடித்துக் கொடுத்தாள். ஆடுகள் ஒன்றன் முதுகிலிருந்து இன்னொன்று ரோமத்தைப் பிய்த்துத் தின்னத் தொடங்கின. அதைப் பார்த்த அன்றுதான் அவளுக்குத் தன் அப்பா செய்ததையே தானும் வரி பிசகாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பயம் அப்படித்தான் அவளைக் கட்டிப்போட்டிருந்தது.

கோடைப் பிறப்பன்று விடியல் தெளிவாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வெயில். குரோவா முந்தின நாள் வாசலில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீர் உறைந்துவிட்டது. குளிர்காலமும் கோடையும் சந்திக்கும் ராத்திரியில் தண்ணீர் உறைந்தால் வருஷம் நல்லாயிருக்கும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். துவைத்த முன்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்தைப் பெருக்கினாள். சோல்ரூனுக்குப் புதுக் கையுறை கிடைத்தது. ஹல்பெரா காப்பிக்கொட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆடுகளுக்குப் புல் போடலாம் என்று வாசற்கதவைத் திறந்தாள்.

வாசலுக்கு நேரே பனியில் ஒரு தடம். பால் கறக்கும் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் என்ன அகலம் இருக்குமோ அவ்வளவு அகலம். அடுத்து இன்னொன்று. அவை கடலிலிருந்து ஏறி வந்து, கிண்ணம் வைத்திருந்த கல்லைச் சுற்றி, வீட்டுச் சுவரோரமாகப் பின்பக்கம் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அவள் கதவைச் சாத்தி, கட்டையைக் குறுக்கே போட்டாள். நடையில் ஓடினாளா நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது. கூடத்துக்கு வந்து, "கரடி" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"என்னது?" என்றாள் குரோவா.

பதில் கூரைமேலிருந்து வந்தது. பின்பக்கம் பனி கூரை மட்டத்துக்குக் குவிந்திருந்ததால், பனிப்பாளங்களோடு மிதந்து வந்த அந்த வெள்ளைக் கரடி நேராக ஏறி வந்துவிட்டது. உத்தரம் ஒரு முறை முறிகிறாற்போல முனகியது. கஞ்சிப் பானையில் மண் உதிர்ந்தது. நாய் குரைக்கவில்லை. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு, தன் மேலேயே நீர் விட்டுக்கொண்டது. கண்ணாடி இருண்டது. அதன் மேல் ஒரு மூச்சு படிந்து வெளுத்தது, விலகியது, மறுபடி படிந்தது. ஹல்பெரா சோல்ரூனின் வாயைப் பொத்தித் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். குழந்தையின் இதயம் அடிப்பதா, தன்னுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தக் குளிர்காலம் பூராவும் எதற்குப் பயந்தாளோ அது கடைசியில் நான்கு காலோடு தலைக்குமேல் வந்து நிற்பதுபோல் இருந்தது.

பிறகு பாரம் நகர்ந்தது. பனி சரியும் சத்தம். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது.

குரோவா முக்காலிமேல் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "கரைக்கு இறங்கிட்டுது. அம்மாடி, எவ்வளவு பெருசு! போகுது, போகுது..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, தெய்வமே."

ஹல்பெரா அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். கரையோரம் மஞ்சள் பாரித்த வெள்ளையில் அந்தப் பெரிய முதுகு. அதற்கு அப்பால், பனிவெளியின் நடுவில், ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு காலை இழுத்து இழுத்து வரும் புள்ளி. கரடி நின்றது. பின்னங்காலில் எழுந்து, கழுத்தை நீட்டி, அந்தப் புள்ளியைப் பார்த்தது.

ஹல்பெரா அந்த நேரத்தில் நினைத்ததைப் பல வருஷம் கழித்துத் தன் மகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். இவர் இன்றைக்கு வந்து சேராவிட்டால் புல்போருக்குள் யாரும் கை விடமாட்டார்கள், ஊரில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரு மூச்சு நேரம்தான் அப்படி நினைத்தாள். அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தன்மேலேயே வந்த பயத்துக்கு முன்னால் கரடியின் பயம் சின்னதாகிவிட்டது.

"குரோவாக்கா, என்னோட சிவப்புப் பாவாடைய எடுத்துக் கம்புல கட்டு. கூரைல ஏறி ஆட்டு. கெட்டிலை எடுத்துட்டுப் போய்த் தட்டு."

"நீ எங்க போற?"

"ஆட்டுக் கொட்டிலுக்கு."

"உனக்குப் பைத்தியமா? அது திரும்பி வந்தா?"

"வரணும். அதுக்குத்தான் போறேன். சோல்ரூன், நீ இந்தக் கட்டில விட்டு இறங்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும்."

கொட்டில் வீட்டுக்கு மேலே, மேட்டில், நாற்பது அடி தூரத்தில். ஹல்பெரா அந்த நாற்பது அடியையும் திரும்பிப் பார்க்காமல் கடந்தாள். கூரைச் செருகலிலிருந்து கத்தியை எடுத்தாள். இத்தனை வாரம் எதை முதலில் அடிப்பது என்று தவித்தவள், வாசலுக்கு அருகில் நின்ற கிழட்டு ஆட்டின் கொம்பைப் பிடித்து இழுத்தாள். அது கூட வந்தது, எதிர்க்கக்கூட அதற்குத் தெம்பில்லை. சரிவில் கொஞ்ச தூரம் இழுத்து வந்து கழுத்தை அறுத்தாள். ஓடிப்போய் இன்னொன்றைக் கொண்டுவந்து அதையும் அறுத்தாள். காற்று மலையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சுடச்சுட ரத்தம் பனியில் ஆவியடித்தது. கூரைமேல் குரோவா, மூச்சு முட்டக் கத்திக்கொண்டே கெட்டிலை அடித்தாள்.

கரடியின் தலை மெதுவாகத் திரும்பியது. பிறகு அது வரத் தொடங்கியது. ஓடவில்லை. அவசரமில்லாத ஒரு பெருநடை, ஆனால் ஒவ்வொரு அடியிலும் அதன் உருவம் இரு மடங்கானதுபோல் இருந்தது. வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை. ஹல்பெரா கொட்டிலுக்குள் புகுந்து, கதவை இழுத்து, முதுகைக் கொடுத்துக் கீழே உட்கார்ந்தாள். அந்தக் கதவு மிதந்து வந்த பலகைகளை அடித்துச் செய்தது. இடுக்கு வழியாக விரல் போகும்.

வெளியே எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. நாற்பது ஆடுகளும் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரே உடம்பாக நடுங்கின. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவள் சிறுபிள்ளையில் படித்த ஜெபத்தைச் சொல்லப் பார்த்தாள். முதல் வரிக்குமேல் வரவில்லை. முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு தடவை அது கதவை முகர்ந்தது. இடுக்கு வழியே வந்த மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. அதில் மீன்நெய்யும் புது ரத்தமும் சேர்ந்து மணந்தன. அவள் கத்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதனால் எதுவும் ஆகாது என்று தெரிந்தே பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடுக்கில் விழுந்த வெயில் கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்திருந்தபோது மனிதக் குரல்கள் கேட்டன. சிவப்புப் பாவாடையைப் பார்த்துத் திரும்பிய ஐவிந்துர், மேற்குக் கரையிலிருந்து நான்கு பேரையும் இரண்டு துப்பாக்கிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கரடி போய்விட்டிருந்தது. ஓர் ஆட்டை முழுக்கத் தின்று, இன்னொன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு பனிப்பாளங்களுக்குள் மறைந்திருந்தது. அவர்கள் இருட்டும்வரை தேடினார்கள். அது அகப்படவே இல்லை. எங்கே போயிற்று என்று தெரியாததால், அடுத்த ஆறு வாரமும் அந்தக் குடாவில் ஒருவரும் தனியாக வெளியே போகவில்லை.

கூடத்தில் ஐவிந்துர் காப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் அத முதல்ல பாக்கவே இல்ல. வெயில் கண்ணுல. குரோவா கூரைமேல பாவாடைய ஆட்டுறாளே, எனக்காகத்தான் இவ்வளவு குஷியான்னு நினைச்சேன். அது மேட்டுல ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார்.

"ஆமா, உன்னையப் பாத்து எவ ஆட்டுவா?" என்றாள் குரோவா. தொண்டை கட்டி அவளுக்குக் காற்றுதான் வந்தது.

ஹல்பெரா சிரிக்கவில்லை. "நீங்க வராமயே போயிட்டா நல்லதுன்னு நான் நினைச்சேன். ஒரு நிமிஷம்" என்றாள்.

ஐவிந்துர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் போற வீட்டுல எல்லாம் அப்படித்தாம்மா நினைப்பாங்க" என்றார். "ஆனா மத்தவங்க யாரும் எனக்காக ரெண்டு ஆட்ட அடிக்க மாட்டாங்க." கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "மிச்சத்த நாளைக்கு நானும் கூட நின்னு முடிச்சுத் தரேன். நீ எதுன்னு கையக் காட்டு, போதும்" என்றார்.

"நானே அடிப்பேன். நீங்க பிடிச்சுக்குங்க."

மறுநாள் பதினான்கு ஆடுகளை அடித்தார்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, முதுகெலும்பைத் தடவி, ஹல்பெராவே தேர்ந்தெடுத்தாள். குரோவா ரத்தத்தைப் பிடித்துக் குடலில் அடைத்தாள். சோல்ரூன் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

பனிக்கட்டி ஜூன் பத்தாம் தேதிவரை குடாவில் நின்றது. கிளம்பிய அன்று மலை இடிகிறாற்போல் சத்தம். ஊரே கரைக்கு ஓடி ஆர்ப்பரித்தது. ஹல்பெரா மட்டும் அதைக் கூரைமேல் கேட்ட சத்தமென்று நினைத்து மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். குரோவா வந்து காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஆடுகளில் நான்கு குட்டி போடும்போது செத்தன. இருபத்திரண்டு தப்பின. எதிர்க்கரையில் இரண்டு பண்ணைகளில் ஓர் ஆடுகூடத் தப்பவில்லை. அந்த வீடுகளின் பிள்ளைகள் மூன்று பேரை அந்தக் கோடையில் ஊர் பங்கு போட்டது. அதில் ஒரு பெண்ணை ஹல்பெரா கேட்டு வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

மலைப்பாதையைப் பனி அடைத்திருந்ததால், மே மாதம் வரவேண்டிய தோர்கிரிம் ஜூன் கடைசியில்தான் வந்து சேர்ந்தான். நேரே கொட்டிலுக்குப் போனான். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

"யாரு சொல்லி அடிச்ச?" என்றான்.

"யாரும் சொல்லல. நானேதான்."

அவன் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஐவிந்துரைப் பார்த்துவிட்டு வந்தவன் பேசினான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, கொட்டிலுக்குக் கனத்த பலகையில் புதுக் கதவு செய்தான்.

அந்த வருஷம் புல் தாமதமாகத்தான் விளைந்தது. ஆகஸ்டில் அவன் அறுத்துக்கொண்டே போக, ஹல்பெரா பின்னால் வாரிக்கொண்டே வந்தாள். வரப்போரத்தில் ஒரு தடவை நின்று, வாருகோலை ஊன்றிக்கொண்டு, வடக்கே பார்த்தாள். கடல் கறுப்பாக இருந்தது.

"இந்தத் தடவை எத்தனை ஆடு வைக்கறதுன்னு புல்லு போர்ல ஏறினப்புறம் நான் சொல்வேன். நீ சொல்லிட்டுப் போகாத" என்றாள்.

தோர்கிரிம் அரிவாளைக் கல்லில் தீட்டினான். "சரி, சொல்லு" என்றான். பிறகு அடுத்த வரிசையை அறுக்கத் தொடங்கினான்.